வெளிநாட்டில் வாடகை சைக்கிள் எடுத்து ஊர் சுற்றுவது எப்படி? பாரிஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிஸுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஊரைத் துண்டு துண்டாகத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஈபெல் கோபுரம், அங்கிருந்து மெட்ரோ, லூவர், மறுபடி மெட்ரோ, நோத்ர தாம். நடுவில் இருக்கிற ரொட்டிக் கடை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், கால்வாயில் மதகு திறந்து படகு இறங்குவதை வேடிக்கை பார்க்கும் கூட்டம் எதுவும் கண்ணில் படுவதில்லை. டாக்ஸி எடுத்தால் நெரிசலில் மீட்டர் ஓடும். நடந்தால் மதியத்துக்குள் கால் கெஞ்சும். இந்த இரண்டுக்கும் நடுவில், நகராட்சியே தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் வைத்திருக்கிறது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த எவரும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இறங்கினால் பணமும் மனநிம்மதியும் போய்விடும்.

இந்த வழிகாட்டியில் பாரிஸின் வெலிப் சைக்கிளை முதன்மையாக வைத்துக்கொள்கிறேன். பெரிய அமைப்பு, சுற்றுலாப் பயணிக்கும் திறந்திருப்பது, விதிகள் ஒழுங்காக இருப்பது என்று எல்லா விதத்திலும் கற்றுக்கொள்ள ஏற்றது. லண்டன், தைபே, சிங்கப்பூர் போன்ற ஊர்களில் எது மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இது எந்த மாதிரி வாடகை?

சைக்கிள் கடையில் நாள் வாடகைக்கு எடுப்பது வேறு, நகர சைக்கிள் வேறு. கடையில் எடுத்தால் அன்று முழுவதும் அது உங்கள் வண்டி. பூட்டுவதும் காப்பதும் உங்கள் பொறுப்பு. நகர சைக்கிள் அப்படியல்ல. ஒரு நிலையத்தில் எடுத்து, அரை மணிக்குள் இன்னொரு நிலையத்தில் மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வந்து வேறொரு சைக்கிளை எடுக்க வேண்டும். கட்டணம், விதி எல்லாமே இந்தக் குறுஞ்சவாரியை மனதில் வைத்துத்தான் போடப்பட்டிருக்கின்றன. "காலையில் எடுத்து மாலையில் கொடுத்துவிடலாம்" என்று நினைப்பவர்கள்தான் அதிகப் பணம் கட்டுகிறார்கள். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்ற இளைஞர் குழு வெள்ளைச் சாயம் பூசிய சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டு, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்றது. திட்டம் நிலைக்கவில்லை. 1995இல் கோபன்ஹேகன், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்குப் போடுவதுபோல 20 குரோனர் நாணயம் போட்டால் சைக்கிள் கிடைக்கும் என்று ஆரம்பித்தது. எடுத்தவர் யாரென்று தெரியாததால் அங்கும் சைக்கிள்கள் காணாமல் போயின. எடுப்பவரின் அடையாளத்தைக் கார்டோடு இணைத்துவிட்டால் சைக்கிள் திரும்பி வரும் என்று கண்டுகொண்ட பிறகுதான் இது பெரிய அளவில் ஓடியது. 2005இல் லியோன் நகரம் அதைச் செய்துகாட்டியது. 2007 ஜூலை 15 அன்று, மேயர் பெர்த்ரான் தெலனோயே காலத்தில், பாரிஸில் வெலிப் வந்தது. 2018இலிருந்து வேறொரு நிறுவனம் அதை நடத்துகிறது. பச்சை நிறம் சாதாரண சைக்கிள், நீல நிறம் மின்சார சைக்கிள். பாரிஸைத் தாண்டிச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

படி 1: ஊரை விட்டுக் கிளம்பும் முன் கார்டைச் சரிசெய்யுங்கள்

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் சைக்கிளில் அல்ல, கார்டில்தான். எனவே இந்தப் படியை விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நம் ஊர் வாடகை சைக்கிள் கடையில், "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டுவிட்டு நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டு வண்டியைத் தருவார்கள். அந்த அறிமுகம்தான் முன்பணம். பாரிஸில் உங்களை யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு சைக்கிளுக்கு 300 யூரோவை உங்கள் கார்டில் பிடித்து வைக்கிறார்கள். இது கட்டணம் அல்ல. சைக்கிள் ஒழுங்காகத் திரும்பினால் அந்தப் பிடிப்பு தானாக விலகிவிடும். ஆனால் நீங்கள் நான்கு பேர், நான்கு சைக்கிள் என்றால் 1,200 யூரோ. ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஓட்டல்காரரும் அதே கார்டில் ஒரு தொகையைப் பிடித்திருந்தால் உங்கள் வரம்பு அங்கேயே நிரம்பிவிடும். அடுத்து சாப்பாட்டுக்கு நீட்டும்போது கார்டு மறுக்கப்படும்.

எனவே இதற்குக் கிரெடிட் கார்டுதான் சரி. டெபிட் கார்டில் பிடித்து வைத்தால் உங்கள் கணக்கிலிருக்கும் சொந்தப் பணமே முடங்கிவிடும், விடுபட நாளாகும். ஃபாரெக்ஸ் கார்டும் அப்படியே. அதில் ஏற்றி வைத்திருக்கும் யூரோவில் 300 முடங்கினால் பயணச் செலவில் துண்டு விழும். குடும்பத்தில் இரண்டு பேரிடம் கிரெடிட் கார்டு இருந்தால் ஒன்றை முன்பணத்துக்கும் மற்றதைச் செலவுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்கள் இன்னும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆன்லைன் பரிவர்த்தனையும் அணைக்கப்பட்டே வரும். வங்கியின் ஆப்பில் போய் இரண்டையும் இயக்கி, வரம்பையும் கூட்டி வையுங்கள். அடுத்தது ஓடிபி. வெலிப் ஆப்பில் பணம் கட்டும்போது ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரலாம். உள்ளூர் இசிம் போட்டுவிட்டு இந்திய சிம்மைக் கழற்றி மணிபர்ஸில் வைத்திருந்தால் அது எப்படி வரும்? இரண்டு சிம்மும் போனில் இருக்கட்டும், இந்திய எண்ணில் ரோமிங் எஸ்எம்எஸ் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றாவது, வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் வங்கி எத்தனை சதவீதம் மேல்கட்டணம் போடுகிறது என்று பார்த்துவைப்பது. சின்னச் சின்னச் சவாரியாகப் பணம் கட்டுவதைவிட ஒரே பாஸாக எடுப்பது கணக்கைச் சுத்தமாக வைத்திருக்கும்.

என் யோசனை: ஆப்பை வீட்டிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். பாஸ் வாங்குவதை மட்டும் முதல் சவாரிக்கு முந்தைய இரவு, ஓட்டல் வைஃபையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யுங்கள். நடைபாதையில் நின்று, வெயிலில் திரை தெரியாமல், பின்னால் நான்கு பேர் காத்திருக்கும்போது செய்கிற வேலை அல்ல இது. பயணக் காப்பீட்டில் சைக்கிள் ஓட்டும்போது ஏற்படும் காயத்துக்கும் செலவு தருவார்களா என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள்.

படி 2: எந்தப் பாஸ்?

ஒரே ஒரு சவாரிக்கு 45 நிமிட டிக்கெட் உண்டு. 24 மணி நேரப் பாஸ், மூன்று நாள் பாஸ் ஆகியவையும் உண்டு. விலை அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது விலையைவிட அதன் அமைப்பு. 24 மணி நேரப் பாஸில் சாதாரண சைக்கிளுக்கு ஒவ்வொரு சவாரியின் முதல் 30 நிமிடமும் பாஸுக்குள் அடங்கும். அதைத் தாண்டினால் தனிக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். 25ஆவது நிமிடத்தில் ஒரு நிலையத்தில் மாட்டிவிட்டு வேறொன்றை எடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நாள் முழுக்க இப்படியே போகலாம். இது யாரையும் ஏமாற்றும் வேலையல்ல, ஒரே சைக்கிளை ஒருவரே பிடித்துவைக்கக் கூடாது என்றுதான் விதியே இப்படி இருக்கிறது.

மின்சார சைக்கிளுக்குக் கட்டணம் கூடுதல். அது தேவையா? பாரிஸின் நடுப்பகுதி, குறிப்பாக சேன் நதியை ஒட்டிய இடமெல்லாம் தட்டையானது. பச்சை சைக்கிளே போதும். வடக்கே மோன்மார்த் குன்று, கிழக்கே பெல்வீல், மேனில்மோந்தான் பக்கம் போனால்தான் நீலத்தின் அருமை தெரியும். அது மணிக்கு 25 கிலோமீட்டர் வரைதான் மோட்டார் உதவி தரும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்காமல் நீலத்தை எடுக்கலாம். முதல் நாள் மட்டும் எல்லோரும் பச்சையிலேயே தொடங்குங்கள் என்பேன். பெடலை அழுத்தியதும் நீல வண்டி பாய்வது பழகாதவர்களைத் திடுக்கிட வைக்கும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி: வெலிப் ஓட்டக் குறைந்தபட்ச வயது 14. பின்னால் பிள்ளையை உட்கார வைத்துப் போகவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் குழந்தை இருக்கை வைத்த சைக்கிளைக் கடையில் நாள் வாடகைக்கு எடுப்பதே வழி.

படி 3: சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது

நிலையத்தில் வரிசையாக நிற்பதில் கைக்கு எட்டிய முதல் சைக்கிளை எடுத்துவிடாதீர்கள். பாரிஸ்காரர்களிடம் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. சைக்கிளில் கோளாறு என்றால், திருப்பி மாட்டியவர் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டுப் போவார். அடுத்து வருபவர் ஏமாறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். சீட் திரும்பியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் சைக்கிளில் பழுது கண்டால் நீங்களும் அதையே செய்யுங்கள்.

சீட் நேராக இருந்தாலும், பூட்டை எடுக்கும் முன் சோதித்துவிடுங்கள். டயர் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் இரண்டையும் பிடித்து விடுங்கள், பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் வேண்டாம். பெடலைக் காலால் பின்னோக்கிச் சுற்றி செயின் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சீட் கிளாம்ப் இறுகுகிறதா என்பது ரொம்ப முக்கியம். இறுகாத சீட் கொஞ்ச தூரத்திலேயே மெல்ல மெல்ல இறங்கி, முழங்கால் மார்பில் இடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இதையெல்லாம் பூட்டியிருக்கும்போதே பார்க்க முடியும். எடுத்த பிறகு கண்டுபிடித்தால் உங்கள் டிக்கெட்டின் நேரம்தான் கரையும்.

சீட் உயரம்: சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றால் சீட் உங்கள் இடுப்பெலும்பு மட்டத்துக்கு வர வேண்டும். ரொம்ப நாள் கழித்து ஓட்டுபவர்கள் இரண்டு பாதமும் தரையில் பதியும்படி தாழ்த்தி வைக்கிறார்கள். நம்பிக்கை வரும்வரை சரி, ஆனால் அப்படியே நெடுநேரம் மிதித்தால் தொடை கடுத்துவிடும்.

உடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தச் சைக்கிள்களில் நடுக்கம்பி தாழ்வாக இருப்பதால் சுடிதாரிலும் நீளப் பாவாடையிலும் ஏறி உட்காரச் சிரமம் இல்லை. துப்பட்டாவை மட்டும் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். குளிருக்குக் கழுத்தில் சுற்றும் ஸ்கார்ஃபின் நுனியும் கோட்டுக்குள் போகட்டும். பையை முன்கூடையில் வைத்தால் அதன் வாரை ஹேண்டில்பாரில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். சிக்னலில் நிற்கும்போது யாரும் உருவிக்கொண்டு போக முடியாது.

படி 4: பூட்டைத் திறப்பது

ஹேண்டில்பாரின் நடுவில் ஒரு சின்னத் திரையும் எண் பொத்தான்களும் இருக்கும். பாஸ் வாங்கியதும் உங்களுக்கு 8 இலக்க எண் ஒன்று தரப்பட்டிருக்கும், நீங்களே வைத்த 4 இலக்க ரகசிய எண்ணும் இருக்கும். பொத்தானை அழுத்தித் திரையை எழுப்பி, முதலில் எட்டு இலக்கம், அப்புறம் நான்கு இலக்கம். அனுமதி கிடைத்ததும் விளக்கு பச்சையாகும், பீப் என்று ஒலி வரும். உடனே பின்னோக்கி இழுத்து வெளியே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். கொஞ்சம் பலமாகவே இழுக்க வேண்டியிருக்கும், தயங்க வேண்டாம். எட்டு இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சைக்கிள் கிடைக்கும்.

படி 5: வலதுபக்கம் ஓட்டுவது

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாமே இடதுபக்க நாடுகள். பிரான்ஸ் வலதுபக்கம். நேர்ச்சாலையில் இது பிரச்சினையே இல்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவீர்கள். ஆபத்து மூன்று இடங்களில். காலியான தெருவில் புதிதாகக் கிளம்பும்போது, இடதுபக்கம் திரும்பும்போது, ஒருவழிப் பாதையிலிருந்து இருவழிப் பாதைக்குள் நுழையும்போது. பழக்கம் அப்போதுதான் நம்மை இடது ஓரத்துக்கு இழுக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "நடைபாதை என் வலது கைப்பக்கம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். இருவழிச் சைக்கிள் பாதை மட்டும் சில இடங்களில் சாலையின் இடது ஓரமாகப் போகும். அங்கே அந்தப் பாதைக்குள்ளேயே வலதுபக்கமாக ஓட்ட வேண்டும்.

பிரேக்கும் மாறும். நம் ஊர் சைக்கிளில் வழக்கமாக வலது கை முன்பிரேக். ஐரோப்பாவில் பெரும்பாலும் இடது கை முன்பிரேக். அவசரத்தில் இடது கையை மட்டும் அழுத்தினால் முன்சக்கரம் நின்று பின்சக்கரம் தூக்கும். கிளம்பியதும் மெதுவாகப் போகும்போதே ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

பாரிஸ் சாலைவிதிகளில் நமக்குப் புதியவை சில. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலதுபக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை, அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. பல ஒருவழித் தெருக்களில் சைக்கிள் மட்டும் எதிர்த்திசையிலும் போகலாம், நுழைவில் பலகை இருக்கும். சில சிக்னல்களில் தலைகீழ் முக்கோணப் பலகையில் மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு காட்டும் திசையில் சிவப்பு விளக்கிலும் சைக்கிள் போகலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் மற்ற வண்டிகளுக்கும் வழிவிட்ட பிறகே. அந்தப் பலகை இல்லாவிட்டால் சிவப்பில் நிற்கத்தான் வேண்டும். காதில் இயர்போன் போட்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். கூகுள் மேப் குரலைக் கேட்டுக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் குற்றம்தான். நடைபாதையில் ஓட்டக் கூடாது. ஹெல்மெட் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் கட்டாயம்.

2021 ஆகஸ்ட் இறுதியிலிருந்து பாரிஸின் பெரும்பாலான தெருக்களில் கார்களுக்கு வேக வரம்பு 30 கிலோமீட்டர். இது புதியவர்களுக்குப் பெரிய தைரியம். இருந்தாலும் ஆர்க் த த்ரியோம்ஃப் வளைவைச் சுற்றி 12 சாலைகள் கூடும் அந்த ரவுண்டானாவுக்குள் மட்டும் சைக்கிளில் இறங்க வேண்டாம். ஒரு நிலையம் முன்னதாகவே மாட்டிவிட்டு நடந்து போங்கள்.

நிறுத்திவைத்த கார்களின் ஓரமாகப் போகும்போது ஒரு கதவின் அகலமாவது தள்ளிப் போக வேண்டும். கதவு திடீரென்று திறக்கும். மழை பெய்தால் கல் பாவிய தெருக்களும் சாலையில் வெள்ளை பூசிய கோடுகளும் வழுக்கும். அங்கே திருப்பக் கூடாது, பிரேக் அழுத்தக் கூடாது, நேராக உருண்டு போய்விட வேண்டும்.

படி 6: எங்கே போவது?

முதல் சவாரிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை மாதிரி நேரம் கிடையாது. கடைகள் மெதுவாகத் திறக்கும், கார்கள் குறைவு. நான் பரிந்துரைப்பது இரண்டு வழிகள்.

ஒன்று நதிக்கரை. பஸ்தீல் பக்கம் சைக்கிளை எடுத்து, சேன் நதியின் வலதுகரைக்கு இறங்குங்கள். முன்பு கார்கள் பறந்துகொண்டிருந்த கரையோரச் சாலை அது. 2016இல் கார்களை முழுவதும் நிறுத்தி மக்களுக்கு விட்டுவிட்டார்கள். தண்ணீருக்குப் பக்கத்திலேயே, நோத்ர தாம் நிற்கும் தீவை இடதுபுறம் பார்த்துக்கொண்டே போகலாம். நடப்பவர்களுக்கே அங்கு முன்னுரிமை, பெல் அடித்து விரட்டக் கூடாது. நிலையங்கள் பொதுவாக மேலே தெருமட்டத்தில்தான் இருக்கும். எனவே நேரம் நெருங்கும் முன்பே மேலேறிவிடுங்கள். லூவர் பக்கம் மாட்டிவிட்டு நடந்து பார்த்துவிட்டு, இன்னொரு சைக்கிளில் கோன்கோர்த் பாலம் தாண்டினால் இடதுகரை. அங்கேயும் 2013இலிருந்து ஆல்மா பாலம் வரை கரையோரம் கார் இல்லை. அப்புறம் ஈபெல் கோபுரம் பக்கத்தில்தான்.

மேலே சாலையிலேயே போக விரும்பினால் ரிவோலி தெருவில் அகலமான இருவழிச் சைக்கிள் பாதை இருக்கிறது. அலுவலக நேரத்தில் பாரிஸ்காரர்கள் அங்கே வேகமாகப் போவார்கள். வலது ஓரம் பிடித்துக்கொண்டால் அவர்களாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று படம் எடுக்கத் தோன்றினால் பாதையை விட்டு வெளியே வந்து நில்லுங்கள்.

இரண்டாவது, எனக்கு நதிக்கரையைவிடவும் பிடித்த வழி. ரெபூப்ளிக் சதுக்கத்தில் எடுத்து சென் மார்த்தன் கால்வாயை ஒட்டி வடக்கே போவது. மேலே வளைந்த இரும்பு நடைபாலங்கள், இரண்டு பக்கமும் மரங்கள், நடுநடுவே மதகுகள். ஒரு படகு மதகுக்குள் வந்தால் நின்று பாருங்கள். பின்கதவு மூடி, முன்கதவு வழியாகத் தண்ணீர் கொட்டி, படகு அப்படியே மேலெழும்பும். வடக்கே ஸ்தாலின்கிராத் வந்ததும் இடதுபக்கம் திரும்பி, உயரப் பாலத்தில் மெட்ரோ ஓடும் சாலையோரமாகப் போனால் லா ஷப்பல். ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அங்கேதான். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கடைவாசலில் இருக்கும், கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும், பெயர்ப்பலகைகளைத் தமிழிலேயே படிக்கலாம். பக்கத்துத் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடியும் நேரத்தில் அந்தக் கோயில் தேர் பாரிஸ் தெருக்களில் வரும். அன்று அந்தப் பகுதியில் சைக்கிளுக்கு இடமே இருக்காது, தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் ஸ்தாலின்கிராத் வந்து லா வில்லெத் நீர்ப்பரப்பை ஒட்டிப் போனால் பெரிய பூங்கா வரும். தெம்பிருந்தால் ஊர்க் (Ourcq) என்ற கால்வாய் வழியாகப் பக்கத்து ஊரான பாந்தான் வரை கார் தொல்லை இல்லாமல் மிதிக்கலாம்.

வழியைத் திட்டமிடும்போது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பியிருந்தால் மற்றது. ஈபெல் கோபுரம், லூவர் பக்கம் மாலையில் இடம் கிடைப்பது கஷ்டம். இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனால் கிடைக்கும். எந்த நிலையத்தில் எத்தனை சைக்கிள், எத்தனை காலியிடம் என்று ஆப் காட்டும்.

படி 7: சவாரியை முடிப்பது

மொத்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை நினைவு வைத்துக்கொள்வதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை நிலையத்தில் தள்ளியதும் "க்ளிக்" கேட்டால் மட்டும் போதாது. முன்சக்கரத்தை நேராக்கி, பூட்டுக்குள் உறுதியாகத் தள்ளுங்கள். இரண்டு பீப் ஒலி வரும், திரையில் சவாரி முடிந்ததைக் காட்டும். அதுவரை நகரக் கூடாது. அப்புறம் சைக்கிளைப் பின்னோக்கி ஒரு இழு இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால்தான் பூட்டியதாக அர்த்தம். கடைசியாக ஆப்பில் சவாரி முடிந்ததாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ஸ்கிரீன்ஷாட். நிலைய எண்ணும் சைக்கிள் எண்ணும் தெரியும்படி ஒரு போட்டோ. அரை நிமிட வேலை. சரியாகப் பூட்டாத சைக்கிளை வேறு யாராவது எடுத்துப் போனால் கணக்கு உங்கள் பெயரில் ஓடும். கடைசியில் அந்த 300 யூரோவிலும் கை வைப்பார்கள்.

ஆப் இன்னும் "சவாரி நடக்கிறது" என்றே காட்டினால் நிலையத்தை விட்டுப் போகாமல் அங்கிருந்தே வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். விபத்து என்றால் ஐரோப்பா முழுக்க 112.

மற்ற ஊர்களில் என்ன மாறும்?

பார்சலோனாவில் எங்கு பார்த்தாலும் சிவப்பு பைசிங் சைக்கிள் நிற்கும். ஆசைப்பட வேண்டாம். அது அந்த ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும், பயணிகள் கடை வாடகைக்குத்தான் போக வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலும் கடையே வழி. அங்கே பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். எடுக்கும்போது கையில் பிரேக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

லண்டனில் 2010 ஜூலையிலிருந்து இதே மாதிரி நிலையச் சைக்கிள் உண்டு. அங்கும் 30 நிமிடக் கணக்குதான். இடதுபக்கச் சாலை என்பதால் நமக்குக் கை பழகியது. திருப்பி மாட்டும்போது பூட்டில் பச்சை விளக்கு எரிய வேண்டும். ஹைட் பார்க்கில் தொடங்குவது நல்லது.

தைபேயின் யூபைக், ஆசியாவிலேயே சுற்றுலாப் பயணிக்குச் சுலபமானது என்பேன். மெட்ரோ வாசலிலேயே நிலையம், நதியோரமாக நீண்ட சைக்கிள் பாதைகள். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் வாங்கும் அதே ஈஸிகார்டைப் பதிவுசெய்து பயன்படுத்தலாம்.

சிங்கப்பூரில் நிலையம் கிடையாது. ஆப்பில் க்யூஆர் குறியைப் படம்பிடித்துத் திறந்து, முடிக்கும்போது சைக்கிளுக்கென்று கோடு போட்ட இடத்தில் நிறுத்தி, அங்கிருக்கும் க்யூஆரையும் படம்பிடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் போனால் ஒவ்வொரு முறையும் 5 டாலர். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலோரமாக ஓட்டுவது சுகம். நிலையமில்லாத இத்தகைய நிறுவனங்களில் முன்பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னால் யோசியுங்கள். 2018 ஜூனில் ஓபைக் சிங்கப்பூரில் திடீரென்று கடையை மூடியபோது, 49 டாலர் முன்பணம் கட்டியிருந்த ஏராளமானோர் அது திரும்பி வருமா என்று தெரியாமல் தவித்தார்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளைத் தொடக் கூடாது. பெரியவர்களுக்கும் கட்டாயம்.

ஊர் திரும்பிய பிறகு

கடைசிச் சவாரி முடிந்து ஒரு வாரம் கழித்து கார்டு கணக்கைப் பாருங்கள். பிடித்து வைத்த தொகை விலகியிருக்க வேண்டும். பாஸ் விலையும், 30 நிமிடம் தாண்டிய சவாரியோ மின்சார சைக்கிள் சவாரியோ இருந்தால் அதன் கட்டணமும் மட்டுமே இருக்கும். தொகை இன்னும் பிடிபட்டிருந்தால் முதலில் சைக்கிள் நிறுவனத்துக்கு, பாஸ் எண்ணையும் நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து எழுதுங்கள். அவர்கள் விடுவித்துவிட்டதாகச் சொல்லியும் கணக்கில் வரவில்லை என்றால் அந்தப் பதிலை வங்கிக்கு அனுப்பிக் கேளுங்கள். ஆப்பில் சேமித்த கார்டை நீக்கிவிட்டு, வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்துவிடுங்கள்.